கறை படிந்த கிண்ணம்: போருக்குப் பிந்தைய ஜப்பானிய நாவல்களில் அழகும் அகவீழ்ச்சியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நாளில் வாழ்த்துரை வழங்குவதுதான் முறை. நானோ ஒரு திருத்தத்துடன் வந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாதக் கூட்டம் ஒன்றில் ஜப்பானிய நாவலாசிரியர் யசுனாரி கவாபாட்டாவின் ‘ஆயிரம் நாரைகள்’ பற்றிப் பேசினேன். தேநீர் அருந்துவதையே ஒரு தவமாக வளர்த்தெடுத்த நாட்டின் அழகுணர்வைப் போற்றும் நாவல் அது என்று அன்று சொன்னேன். நீங்களும் பரிவோடு கேட்டீர்கள், பாராட்டினீர்கள். நிறைவான மனத்துடன் வீடு திரும்பினேன்.

அதற்குப் பின்னரே, கவாபாட்டா 1968ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஆற்றிய நோபல் உரையை முழுமையாகப் படித்தேன். அவ்வுரையில் அவர் தம் நாவல்களைப் பற்றி அதிகம் பேசவில்லை; பழைய துறவிகளின் கவிதைகளைப் பற்றியே பேசுகிறார். ஆனால் ஓரிடத்தில் ‘ஆயிரம் நாரைகள்’ நாவலைக் குறிப்பிட்டு, அதைத் தேநீர்ச் சடங்கின் அழகை எடுத்துரைக்கும் நூலாகக் கொள்வது பிழையான வாசிப்பு என்கிறார். அது எதிர்மறையான படைப்பு; அச்சடங்கு கீழ்மைப்பட்டுவிட்டது என்ற ஐயத்தையும் எச்சரிக்கையையும் வெளியிடுவது என்பது அவர் கருத்து. நான் போற்றியதாகச் சொன்னதை ஆசிரியர் இரங்கலாகவும் எச்சரிக்கையாகவும் எழுதியிருக்கிறார். ஆசிரியர் கூற்றே இறுதித் தீர்ப்பன்று என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நாவலை மீண்டும் படித்தபோது, ஒவ்வொரு பக்கமும் அவர் பக்கமே நின்றது. நான் எப்படித் தவறினேன் என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் விளக்க வேண்டும். இந்நாவல்களைப் பற்றிய திறனாய்வுகளில் ‘ஆன்மிக வீழ்ச்சி’ என்ற தொடர் அடிக்கடி வரும். தமிழில் ‘ஆன்மிகம்’ என்றவுடன் கோயிலும் வழிபாடும் நினைவுக்கு வருகின்றன. இங்கே பேசப்படுவது அதுவன்று. வாழ்வைத் தாங்கி நின்ற உள்ளொழுங்கு குலைவதே இங்கே வீழ்ச்சி. ஆகவே ‘அகவீழ்ச்சி’ என்ற சொல்லையே ஆள்கிறேன்.

விழுந்த நாடும் விழத் துணிந்தவர்களும்

1945 ஆகஸ்டு 15ஆம் நாள் பேரரசரின் குரல் வானொலியில் ஒலித்தது, நாடு சரணடைந்தது. 1946 புத்தாண்டு நாளில் தாம் தெய்வம் என்ற எண்ணத்தைப் பேரரசர் மறுத்து அறிவித்தார். 1947 மே மாதம் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. பிரபுக்கள் என்ற வகுப்பே சட்டத்திலிருந்து மறைந்தது. 1952 ஏப்ரல் வரை நாடு அயலவர் படையின் ஆட்சியில் இருந்தது. எதற்காக இறக்கலாம் என்று ஒரு தலைமுறைக்குக் கற்பிக்கப்பட்டதோ, அது ஒரே நாளில் பொருளற்றுப் போயிற்று. எதற்காக வாழலாம் என்று சொல்ல எவரும் எஞ்சவில்லை.

இந்நிலையில், 1946 ஏப்ரலில் சககுச்சி ஆங்கோ ‘வீழ்ச்சி பற்றி’ என்னும் பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். நாட்டுக்காக உயிர்விடக் காத்திருந்த இளைஞர்கள் கள்ளச்சந்தை வணிகர்களாகிவிட்டனர். போரில் கணவரை இழந்த பெண்கள் மறுவாழ்வு தேடுகின்றனர். இதைக் கண்டு புலம்பாதீர்கள் என்றார் அவர். மனிதன் மாறவில்லை, மேலே போர்த்தியிருந்த போலி உயர்வு மட்டுமே கிழிந்தது. ஆகவே முழுமையாக விழுந்து, தரையைத் தொட்டு, அங்கே தன்னைத் தானே கண்டெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1942இலேயே, பழம்பெரும் ஹோர்யூஜி கோயில் எரிந்துபோனாலும் குறையில்லை, அந்த இடத்தில் புகைவண்டி நிலையம் கட்டலாம் என்ற பொருள்பட எழுதியவர் அவர். வாழும் மனிதனின் தேவைதான் முதன்மை. அழகு அதற்குப் பின்னரே என்பது அவர் நிலை.

இதற்கு நேரெதிர் திசையில் நின்றவர் ஜூனிச்சிரோ தனிசாகி. ஒசாகா வணிகக் குடும்பத்துச் சகோதரிகள் நால்வரின் கதையைக் கூறும் அவருடைய ‘மென்பனி’ தொடர்கதையாக வெளிவரத் தொடங்கியபோது, போர்க்காலத்துக்கு ஒவ்வாத மென்மை என்று கூறி 1943இல் அதிகாரிகள் நிறுத்திவிட்டனர். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. போருக்குப் பின் 1948இல் நாவல் நிறைவுற்றது. கியோட்டோவில் ஆண்டுதோறும் செர்ரி மலர் காணச் செல்லும் அக்குடும்பத்தின் பயணம் மறக்கவியலாதது. ஆனால் நாவல் எப்படி முடிகிறது? பல ஆண்டுத் தேடலுக்குப் பின் திருமணம் கைகூடிய மூன்றாம் சகோதரி, வயிற்றுப்போக்கு நிற்காத நிலையில் தோக்கியோவுக்கு இரயில் ஏறுகிறாள். மலர்க் காட்சியை எழுதிய அதே கை இதையும் எழுதிற்று. அழகைப் பாதுகாக்க முனைந்தவரும் அதைப் பொய்யாக்க ஒப்பவில்லை.

1947இல் வெளிவந்த ஒசாமு தசாயின் ‘சாயும் கதிர்’ இவ்விரு துருவங்களுக்கும் இடையில் நிற்கிறது. பிரபுக் குடும்பத்துத் தாய் ஒருத்தி சூப் அருந்தும் காட்சியில் நாவல் தொடங்குகிறது. அவள் அருந்தும் முறை விதிகளுக்கு மாறானது. எனினும் அதில் ஓர் இயல்பான எழில் உண்டு. அந்த எழிலைப் பயின்று பெறவியலாது. மகள் கசுகோ அதை உணர்கிறாள். தனக்கு அது வாய்க்காது என்பதையும் அறிகிறாள். தோக்கியோ வீட்டை விற்று இசுவுக்குக் குடிபெயர்கின்றனர். தாய் காசநோயால் இறக்கிறாள். போரிலிருந்து போதைப் பழக்கத்துடன் திரும்பிய மகன் நவோஜி தன்னை மாய்த்துக்கொள்கிறான். கசுகோ மட்டும் வாழத் துணிகிறாள். குடிகார எழுத்தாளன் ஒருவனின் குழந்தையை மணமின்றிப் பெற்று வளர்க்க முடிவு செய்கிறாள். தாயின் அழகைக் காப்பாற்றவியலாது. ஆனால் பழைய ஒழுக்க விதியை எதிர்த்து ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்பதே அவள் கண்ட வழி. வீழ்ச்சியுற்ற பிரபுக்களைக் குறிக்க ஜப்பானிய மொழியில் ஒரு புதுச் சொல்லே இந்நாவலின் பெயரிலிருந்து பிறந்தது. தசாய் 1948 ஜூனில் மறைந்தார்.

கிண்ணமும் கைகளும்

இனி நான் தவறாகப் படித்த நாவலுக்கு வருகிறேன். பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ செம்மைப்படுத்திய தேநீர் நெறிக்கு நான்கு அடிப்படைகள் உண்டு: இணக்கம், மதிப்பு, தூய்மை, அமைதி. சிறு அறை, எளிய கலம், ஒற்றை மலர். உள்ளே நுழைபவர் தம் செருக்கை வெளியே விட்டுவர வேண்டும் என்பது குறிப்பு.

1949 முதல் 1951 வரை பகுதி பகுதியாக வெளியான ‘ஆயிரம் நாரைகள்’ காமகுராவில் உள்ள எங்ககுஜி கோயிலில் நடக்கும் தேநீர்க் கூட்டத்தில் தொடங்குகிறது. கிகுஜி என்னும் இளைஞன் அங்கு வருகிறான். சடங்கை நடத்துபவள் சிகாகோ. இறந்துபோன தந்தையின் பழைய காதலி. கூட்டத்தில் இருக்கும் இன்னொருத்தி திருமதி ஓத்தா. அவளும் தந்தையின் காதலி. அவருடைய தேநீர்த் தோழரின் மனைவியாக இருந்து கைம்பெண்ணானவள். கறுப்பு ஒரிபே கிண்ணம் ஒன்றில் தேநீர் தரப்படுகிறது. அது ஓத்தாவிடமிருந்து அவர் மனைவிக்கும், அவளிடமிருந்து கிகுஜியின் தந்தைக்கும், அவரிடமிருந்து சிகாகோவுக்கும் வந்தது. நூற்றாண்டுகள் கடந்த கலம் அது. அதைக் கையில் ஏந்தியவர்களோ ஒருவரையொருவர் வஞ்சித்தவர்கள். இணக்கம் என்ற பெயரில் சூழ்ச்சி. மதிப்பு என்ற பெயரில் பழிதீர்ப்பு. நான்கு அடிப்படைகளில் ஒன்றுகூட அந்த அறையில் இல்லை. கிகுஜியின் வீட்டுத் தேநீர்க் குடிலோ பூட்டிக்கிடந்து பூஞ்சை மணக்கிறது.

திருமதி ஓத்தாவுடன் கிகுஜி உறவு கொள்கிறான். குற்ற உணர்வு தாங்காமல் அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவள் நாள்தோறும் பயன்படுத்திய ஷினோ கிண்ணத்தின் விளிம்பில் மெல்லிய செந்நிறக் கறை ஒன்று இருக்கிறது. உதட்டுச் சாயமோ, தேநீரின் கறையோ, மண்ணின் இயல்போ என்று தெளிவாகத் தெரிவதில்லை. கழுவினாலும் போவதில்லை. அவள் மகள் ஃபுமிகோ அக்கிண்ணத்தைக் கிகுஜிக்குக் கொடுக்கிறாள். இறுதியில் அவளே அதைத் தோட்டத்துக் கற்றொட்டியில் மோதி உடைக்கிறாள். மறுநாள் காலை கிகுஜி துண்டுகளைப் பொறுக்குகிறான். அவளைத் தேடுகிறான், அவள் கிடைக்கவில்லை.

அன்று நான் இந்தக் கிண்ணங்களின் நிறத்தையும் வழவழப்பையும் பற்றி விரிவாகப் பேசினேன். விளிம்பின் கறையைக்கூட ஓர் அழகாகவே எடுத்துரைத்தேன். கிகுஜி செய்த பிழையையே நானும் செய்திருக்கிறேன். இறந்த பெண்ணைப் பற்றித் துயரப்பட வேண்டிய இடத்தில் அவன் அவளை ஒரு கலைப்பொருளாக்கிவிடுகிறான். அவளுடைய கலங்களைத் தொடும்போது அவனுக்கு அவள் நினைவு வருகிறது. அந்நினைவு அழகாக இருப்பதால் குற்றம் கரைந்துவிடுகிறது. ஓர் உயிரின் அழிவை அழகின் வழியாகவே மறந்துவிட முடியும் என்பதுதான் கவாபாட்டா காட்டும் அச்சம். ஃபுமிகோ கிண்ணத்தை உடைப்பது கலையழிவன்று. அந்நாவலில் நிகழும் ஒரே தூய்மைச் செயல் அதுவே என்று இன்று கருதுகிறேன். தலைப்பில் வரும் நாரைகளோ, யுகிகோ என்னும் இளம்பெண் கையிலேந்திய துணியில் அச்சிட்டவை. அவளைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. தூய அழகு அக்கதையில் ஒரு துணியின் அளவே இடம் பெறுகிறது.

எரிந்த மண்டபம்

1950 ஜூலை 2ஆம் நாள் விடியற்காலை கியோட்டோவின் பொன்மண்டபம் எரிந்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் அஷிகாகா யோஷிமிட்சு எழுப்பிய கட்டடம் அது, போரில் தப்பியது. தீயிட்டவர் அக்கோயிலிலேயே பயின்ற இளந்துறவி. 1955இல் மண்டபம் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. 1956இல் யூகியோ மிஷிமாவின் ‘பொன்மண்டபக் கோயில்’ வெளிவந்தது.

மிஷிமா அந்நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு மிசோகுச்சி என்னும் பாத்திரத்தைப் படைத்தார். அவன் திக்குவாயன், ஏழைப் பூசகரின் மகன். பொன்மண்டபத்தைப் போல் அழகியது உலகில் இல்லை என்று தந்தை சொல்லிச் சொல்லி வளர்த்தார். நேரில் காணும்போது அது சிறிய பழைய கட்டடமாகத் தெரிகிறது. பின்னரே மனத்துள் வளர்ந்து அவனை ஆட்கொள்கிறது. போர்க்காலத்தில் அவனுக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. குண்டு விழுந்தால் மண்டபமும் எரியும், தானும் எரிவான். அழகும் அவனும் ஒரே விதிக்கு உட்பட்டவர்கள். போர் முடிந்ததும் அந்த உறவு அறுந்தது. மண்டபம் எட்டாத உயரத்தில் நிலைபெற்றுவிட்டது. அவன் வாழ்வைத் தொட முயலும்போதெல்லாம் இடையில் வந்து நின்று தடுக்கிறது.

அந்த மண்டபத்தைச் சூழ்ந்த உலகத்தையும் ஆசிரியர் காட்டுகிறார். அயல்நாட்டுப் படைவீரன் ஒருவன், தன்னுடன் வந்த பெண்ணின் வயிற்றை மிதிக்குமாறு மிசோகுச்சிக்கு ஆணையிடுகிறான், அவன் மிதிக்கிறான், கூலியாகச் சிகரெட் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றைக் கோயில் தலைவரிடம் கொடுக்கிறான், தலைவர் வாங்கிக்கொள்கிறார். பிறிதோரிடத்தில் அத்தலைவரே கெய்ஷா ஒருத்தியுடன் செல்வதை அவன் காண்கிறான். தோழன் காஷிவாகி இனிமையாகப் புல்லாங்குழல் வாசிக்கிறான். மலர்களை நேர்த்தியாக அடுக்குகிறான். அக்கலையைக் கற்பித்த பெண்ணை இழிவுபடுத்துகிறான். கலைத்தேர்ச்சியும் கொடுமையும் ஒரே உள்ளத்தில் உறவோடு வாழ முடியும் என்பதற்கு இதனினும் கூர்மையான சான்று தேவையில்லை.

இறுதியில் மிசோகுச்சி தீ வைக்கிறான். மேல்மாடத்தில் இறந்துபோக விரும்பி ஓடுகிறான், கதவு திறக்கவில்லை. அழகு கடைசி நேரத்திலும் அவனை உள்ளே ஏற்கவில்லை. வெளியே ஓடிக் குன்றின்மேல் அமர்ந்து, தற்கொலைக்காக வைத்திருந்த கத்தியையும் மருந்தையும் எறிந்துவிட்டுப் புகைபிடிக்கிறான். வாழ வேண்டும் என்று எண்ணுகிறான். உண்மையில் தீயிட்ட இளைஞர் தற்கொலைக்கு முயன்றவர். மிஷிமா செய்த மாற்றம் கருதத்தக்கது. தெய்வமாக்கப்பட்ட அழகு மனிதனுக்கு வாழ இடந்தராது. அதை அழித்துவிட்டு வாழ வருபவனிடமும் வாழ்வதற்கான ஒழுங்கு எதுவும் இல்லை. அழகை வழிபட்டவனும் அழகை எரித்தவனும் ஒருவனே என்பதில்தான் இந்நாவலின் கொடுந்துயர் அடங்கியிருக்கிறது.

மலையின் ஓசை

அப்படியானால் மீட்சியே இல்லையா? 1949 முதல் 1954 வரை கவாபாட்டா எழுதிய ‘மலையின் ஓசை’யில் ஒரு சிறு விளக்கு தெரிகிறது. சிங்கோவுக்கு வயது அறுபத்திரண்டு, காமகுராவில் வாழ்கிறார், நினைவு மங்கத் தொடங்குகிறது. ஓர் இரவில் மலை ஒலிப்பதைக் கேட்கிறார். சாவின் அழைப்போ என்று அஞ்சுகிறார். மகன் சூயிச்சி போரிலிருந்து உடற்காயமின்றித் திரும்பியவன், உள்ளம் திரும்பவில்லை. அவனுக்கொரு காதலி, போரில் கணவனை இழந்தவள். மருமகள் கிகுகோ கருவுற்றும், கணவன் இப்படி இருக்கும்வரை பிள்ளை வேண்டாம் எனக் கருவைக் கலைத்துக்கொள்கிறாள். மகள் ஃபுசகோ மணவாழ்வு முறிந்து குழந்தைகளுடன் பிறந்தகம் திரும்புகிறாள்.

சிங்கோ மருமகளிடம் பேரன்பு கொண்டவர். அவ்வன்பில் கலங்கலும் உண்டு என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஒருநாள் நோ நாடகத்தின் சிறுவன் முகமூடியை அவளை அணியச் சொல்கிறார். முகமூடியின் அழகில் அவர் திளைத்திருக்க, அதன் கீழிருந்து கண்ணீர் வழிகிறது. இங்கேதான் கிகுஜிக்கும் சிங்கோவுக்கும் வேறுபாடு. கிகுஜி கிண்ணத்தை மட்டுமே பார்த்தான். சிங்கோ முகமூடிக்குக் கீழே வழியும் கண்ணீரையும் பார்க்கிறார். வீட்டில் நிகழ்வதற்குத் தாமும் பொறுப்போ என்று தம்மையே வினவிக்கொள்கிறார். பிற்பாடு, நீ கட்டற்றவள் என்பதை அவளுக்கே எடுத்துச் சொல்லும் துணிவு அவருக்கு வருகிறது.

நாவலின் முடிவில் குடும்பம் ஒன்றாக உணவுண்டு எழுகிறது. கொடியில் காய்கள் கனத்துத் தொங்குகின்றன என்று சிங்கோ கிகுகோவை அழைத்துச் சொல்கிறார். பாத்திரம் கழுவும் ஓசையில் அவளுக்கு அது கேட்கவில்லை. அவ்வளவே. அழகு அங்கே இருக்கிறது, கண்டவர் சொல்கிறார், கேட்க வேண்டியவர் வேலையில் இருக்கிறார். யாரும் மீட்கப்படவில்லை. ஆனால் யாரும் கலைப்பொருளாக்கப்படவும் இல்லை.

எஞ்சும் வினா

1970 நவம்பர் 25இல் மிஷிமா தம் வயிற்றைக் கிழித்து மாண்டார். 1972 ஏப்ரலில் கவாபாட்டா எரிவாயுவால் இறந்தார். குறிப்பு எதையும் விட்டுச் செல்லவில்லை. இச்சாவுகளைக் கொண்டு நாவல்களுக்கு விளக்கம் எழுதுவது எளிது, அது நேர்மையன்று. நாவல்கள் கேட்ட வினாக்கள் அவற்றினும் பெரியவை. 1994இல் நோபல் பரிசு பெற்ற கென்சாபுரோ ஓயே, கவாபாட்டாவின் உரைத் தலைப்பையே சற்று மாற்றி, ‘அழகிய’ என்ற சொல் இருந்த இடத்தில் தெளிவின்மையையும் இருபொருளையும் குறிக்கும் சொல்லை வைத்துத் தம் உரைக்குத் தலைப்பிட்டார். அழகிய நாடு என்று சொல்லிக்கொள்ள அவரால் இயலவில்லை. அந்த ஒரு சொல்மாற்றத்தில் ஓர் இலக்கியத்தின் தன்மதிப்பீடு அடங்கியிருக்கிறது.

இனி என் திருத்தத்தை முடிக்கிறேன். நான் ஏன் தவறாகப் படித்தேன்? அழகைக் கண்டவுடன் என் வாசிப்பு நின்றுவிட்டது. கிண்ணத்தைக் கண்டேன், அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கேட்கவில்லை. பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் நாம் மிகுதியாக ஆண்ட சொல் ‘அழகு’தான். ஒருவர் கவிதை படிப்பார், நாம் ‘அழகு’ என்போம், அடுத்தவர் எழுவார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அவ்வாறு சொன்னவள்தான். ஆனால் அச்சொல்லுக்குப் பின் இன்னொரு வினா எழ வேண்டும். இவ்வழகு எதைப் பார்க்கச் செய்கிறது, எதை மறக்கச் செய்கிறது? கண்ணீர் வழிவதைக் காட்டும் முகமூடியா, கறையை மறைக்கும் கிண்ணமா?

அழகு வேண்டாம் என்று அந்த நாவலாசிரியர்கள் எவரும் கூறவில்லை. அழகை இவ்வளவு நேசித்தவர்களே அதை இவ்வளவு கடுமையாக விசாரித்தார்கள். அகம் தளரும் காலத்தில் அழகு தானாக அழிவதில்லை. அது நிலைத்திருந்து, நம் தளர்ச்சிக்குத் திரையாகவும் ஆகலாம், சாட்சியாகவும் நிற்கலாம். எது என்பதைக் கலம் முடிவு செய்வதில்லை; ஏந்தும் கையே முடிவு செய்கிறது.

தவறாகப் பேசியபோதும் என்னைக் கேட்ட அவை இது. திருத்திப் பேசவும் இடம் தந்திருக்கிறது. ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைத்திருப்பதன் பயன் இதுவே என்று கருதுகிறேன்.